கணக்கு ஐந்து, பேரேடு ஒன்று: வாசகர் கேள்வி – பதில்

சமூக ஊடகக் கணக்குகள் பலவற்றை அன்றாடம் நடத்துவதில் உள்ள சிக்கல்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தே மிகுதியான கடிதங்கள் வந்தன. பலகாரம் செய்பவர், சேலை விற்பவர், விடுதி நடத்துபவர் என்று தொழில்கள் வேறுபட்டாலும், கைப்பேசியைக் கீழே வைக்க முடியவில்லை என்ற குறை எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. ஒரே மாதிரியான கடிதங்களை விலக்கிவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டிலேயே மணகோலம், சீப்புச்சீடை, கைமுறுக்கு, அதிரசம் செய்து விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு, ஃபேஸ்புக்கில் கடைப் பக்கம் ஒன்று, சமையல் குறிப்புப் பக்கம் ஒன்று, யூடியூப் சேனல், வாட்ஸ்அப் பிசினஸ் என ஐந்து சேர்ந்துவிட்டன. விடிந்தது முதல் படுக்கும் வரை ஏதாவது ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. சென்ற வாரம் ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது ஓர் ஈடு முழுவதும் எண்ணெயிலேயே கருகிவிட்டது. ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வருமானம் இல்லை. என்ன செய்யலாம்? — காரைக்குடி வாசகி

பதில்: கருகிய ஈட்டுக்கு ஆன மாவு, எண்ணெய், கியாஸ், உங்கள் உழைப்பு ஆகியவற்றைக் கூட்டி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த ஒரு பதிலுக்கு நீங்கள் கொடுத்த விலை அதுதான். அந்தத் தாளை அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்தாலும் தவறில்லை.

உங்கள் வேலை உண்மையில் மூன்று: படம் எடுத்துப் பதிவு தயாரிப்பது, அதை வெளியிடுவது, கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. இம்மூன்றும் நாள் முழுவதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் ஐந்து கணக்குகள் ஐம்பது போலத் தோன்றுகின்றன. தயாரிப்பை வாரத்தில் ஒரு நாளுக்கும் பதிலை நாளில் இரண்டு வேளைக்கும் ஒதுக்குங்கள். வெளியிடும் வேலையை முழுவதுமாகச் செயலியிடம் விட்டுவிடுங்கள்.

தயாரிப்பு நாளாக, பார்சல் அனுப்ப வேண்டாத ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம். அன்று ஓர் ஈடு மணகோலம் செய்யும்போது கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, அடுப்படியிலிருந்து எட்ட வைத்துவிடுங்கள். மாவை அச்சில் இட்டுப் பிழிவது, பொரிந்ததை அரித்து எடுத்து ஒடிப்பது, வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்ப்பது, தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் சேர்த்துக் கிளறுவது என்று அந்த ஓர் ஈட்டிலேயே நான்கு துண்டுப் படங்கள் கிடைத்துவிடும். பாகுப் பதம் ஒன்றே போதும், ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். அதைப் பற்றிக் கேட்காத வாடிக்கையாளர் உங்களுக்கு இருக்க மாட்டார்.

இனி வெளியிடும் வேலை. இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றி ஃபேஸ்புக் பக்கத்தோடு இணைத்துவிட்டால், அவ்விரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பிசினஸ் சூட் என்ற கட்டணமில்லாச் செயலியில் இரண்டுக்குமான பதிவுகளையும் ஒரே நாட்காட்டியில் நாள், மணி குறித்து வைத்துவிடலாம். இரண்டுக்கும் வரும் செய்திகளும் அங்கே ஒரே இன்பாக்ஸில் வந்து சேரும். தொழில்முறைக் கணக்காக இருந்தால் இன்ஸ்டாகிராம் செயலியிலேயே 75 நாட்கள் முன்கூட்டிப் பதிவைக் குறித்து வைக்கும் வசதியும் உண்டு. யூடியூப் வேறு நிறுவனத்துடையது என்பதால் அதற்கு யூடியூப் ஸ்டூடியோவில் தனியாகக் குறிக்க வேண்டும். பாகு ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் தடுமாறும், அதன் பிறகு வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் அடங்கும்.

எந்த நேரத்துக்குக் குறிப்பது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் பலகாரத்தைக் கேட்பவர்களில் கணிசமானோர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் நிதானமாகப் போடும் பதிவு அங்கே பதினொன்றரைக்குப் போய்ச் சேருகிறது. பாதிப் பேர் உறங்கியிருப்பார்கள். மாலை ஐந்துக்குக் குறித்தால் அவர்களுக்கு ஏழரை, சாப்பாட்டு நேரம். உள்ளூர்க்காரர்களுக்கான பதிவை எட்டு மணிக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பதில் சொல்லும் நேரம் காலை பதினொன்று, மாலை ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளையும் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் யாரும் கோபித்துக்கொள்ளாமல் இருக்க, வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள தானியங்கிப் பதிலில் இந்த நேரங்களையே எழுதி வைத்துவிடலாம். விலை என்ன, எத்தனை நாள் கெடாது, கூரியர் எவ்வளவு, குறைந்தது எத்தனை கிலோ, பணம் எப்படி அனுப்புவது என்ற ஐந்து கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கான பதில்களை விரைவுப் பதில்களாகச் சேமித்து வைத்தால் ஒரு குறியீட்டைத் தட்டியதும் முழுப் பதிலும் வந்து நிற்கும். 50 பதில்கள் வரை சேமிக்கலாம், உங்களுக்கு எட்டே போதும். ‘புது ஆர்டர்’, ‘பணம் வர வேண்டும்’, ‘அனுப்பியாயிற்று’ என்று அரட்டைகளுக்கு லேபிள் ஒட்டும் வசதியும் அதில் இருக்கிறது. வாட்ஸ்அப் தவிர மற்ற எல்லாவற்றின் அறிவிப்பு ஒலியையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு நோட்டு வேண்டும். தேதி, என்ன பதிவு, எந்தெந்தக் கணக்கில், அதனால் வந்த ஆர்டர் என்று நான்கு பத்தி போட்ட சாதாரண நீள நோட்டு. வரவு செலவை ஐந்தொகையாக எழுதி முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்த ஊர் நம்முடையது; இதற்கு மட்டும் பேரேடு இல்லாமல் எப்படி? மூன்று மாதம் எழுதினால் சமையல் குறிப்புப் பக்கத்தால் எத்தனை ஆர்டர் வந்தது என்பது தெரிந்துவிடும். ஒன்றும் வரவில்லை என்றால், ‘இனிக் கடைப் பக்கத்தில் சந்திப்போம்’ என்று ஒரு பதிவை அதன் உச்சியில் நிலைநிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தை ஓய்வெடுக்க விடுங்கள். ஐந்து நான்காகும்.

கேள்வி: எங்கள் பட்டறையில் டைல்ஸ் செய்யும் வீடியோக்களை எடுத்து இன்ஸ்டாகிராம், யூடியூப், ஃபேஸ்புக், எக்ஸ் நான்கிலும் போடுகிறேன். ஒரே வீடியோவை ஒரே வாசகத்தோடு நான்கிலும் போடுவது தவறு என்று நண்பர் சொல்கிறார். நான்கு விதமாகச் செய்ய எனக்கு நேரமில்லை. — ஆத்தங்குடி வாசகர்

பதில்: நண்பர் பாதி சரி. படம் ஒன்றாகவே இருக்கலாம். பேச்சுதான் மாற வேண்டும்.

கைப்பேசியின் கேமராவிலேயே செங்குத்தாக, எழுத்தோ இசையோ சேர்க்காமல் எடுத்த மூலப் படத்தை ஓர் உறையில் (ஃபோல்டரில்) தேதியிட்டு வையுங்கள். நான்கு தளங்களுக்கும் அதிலிருந்தே போக வேண்டும். ஒரு செயலியில் போட்டுவிட்டு அதிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றினால் முதல் செயலியின் முத்திரை படத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட படங்களை இன்ஸ்டாகிராம் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைத்துவிடுகிறது. இசையையும் யோசித்துச் சேருங்கள். வணிகக் கணக்குகளுக்குத் திரைப் பாடல்கள் பலவற்றை இன்ஸ்டாகிராம் அனுமதிப்பதில்லை. உங்களுக்கு அது நட்டமும் இல்லை, ஏனெனில் சல்லடையில் சிமெண்டு விழும் ஓசையும் கரணை தேய்க்கும் ஓசையும் எந்தப் பாட்டையும்விட உங்கள் பட்டறையைச் சொல்லும்.

இன்ஸ்டாகிராமில் விரல் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் முதல் சில நொடிகளில் நின்றால்தான் உண்டு. எனவே அங்கே கடைசிக் காட்சியை முதலில் வையுங்கள்: நீரில் ஊறிக் காய்ந்த கல்லிலிருந்து கண்ணாடி விடுபட, அடியில் பூ வேலைப்பாடு பளபளத்துத் தெரியும் அந்தக் கணத்தை. கல் பளபளப்பது மெருகேற்றியதால் அன்று, கண்ணாடியின் மேல் வார்த்ததால்தான் என்பது பலருக்குத் தெரியாது. அதை ஒரே வரியில் எழுதினால் போதும். யூடியூபுக்கு வருகிறவர் ‘எப்படி’ என்று தேடிக்கொண்டு வருகிறவர். அச்சுச் சட்டத்தை வைத்து வண்ணம் ஊற்றுவது முதல் தொட்டியில் போடுவது வரை வரிசையாகச் சொல்லுங்கள். யூடியூபின் குறும்படப் பகுதியான ஷார்ட்ஸுக்கு 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை இடம் உண்டு. ஃபேஸ்புக்கில் வீடு கட்டுகிறவர்கள் கேட்பது அளவு, விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்பவற்றைத்தான்.

எக்ஸ் தளத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. 280 குறிகள் என்ற வரம்பில் உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ‘காரைக்குடி’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. அந்தத் தளத்துக்குப் பத்து. இன்ஸ்டாகிராமுக்கு எழுதியதை அப்படியே அங்கே ஒட்டினால் வரம்பைத் தாண்டிவிடுவது இதனால்தான். அங்கே ஒரே ஒரு வாக்கியம், அதனோடு படம். நான்கு வாசகங்களையும் ஒரே அமர்வில் எழுதிவிட்டால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கேள்வி: அப்பச்சி காலத்து வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறேன். விடுதிக் கணக்கு, கோயில் திருப்பணிக் குழுவின் பக்கம், என் சொந்தக் கணக்கு மூன்றும் என் ஒரே கைப்பேசியில் இருக்கின்றன. சென்ற மாதம் தோற்றுப்போன கிரிக்கெட் அணியைக் கடுமையாகத் திட்டி எழுதிய ஒரு பதிவு, விடுதியின் பெயரில் வெளியாகிவிட்டது. வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் அதை மொழிபெயர்த்துப் படித்துவிட்டார். — கானாடுகாத்தான் வாசகர்

பதில்: திருப்பணிக் குழுவின் பெயரில் வெளியாகாமல் போனதற்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடுங்கள். இந்தத் தவற்றைச் செய்யாதவர்கள் குறைவு. நான் ஒரு பள்ளியின் பழைய மாணவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ‘மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் லாரிக்குச் சொல்லியாயிற்றா?’ என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை அந்தப் பக்கத்தில் பதிவிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தபோது இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவர் மோட்டார் மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்திருந்தார். மோட்டார் சரியானது என்னவோ அவரால்தான்.

இன்ஸ்டாகிராம் ஒரே செயலியில் ஐந்து கணக்குகள் வரை வைத்துக்கொள்ள விடுகிறது. திரையின் கீழே உள்ள உங்கள் முகப்புப் படத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் கணக்கு மாறும். இவ்வளவு எளிதாக மாறுவதுதான் ஆபத்து. கைப்பேசியில் உங்கள் சொந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, விடுதியையும் கோயிலையும் வரவேற்பறைக் கணினியில் பாருங்கள். அந்தக் கணினியின் குரோம் உலாவியில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுயவிவரம் அமைத்து வேறு வேறு நிறம் கொடுக்கலாம்: கோயிலுக்கு மஞ்சள், விடுதிக்குப் பச்சை. முகப்பில் நடப்பது உள்முற்றமான வளவுக்குத் தெரியாமல் வீடு கட்டியவர்களின் வாரிசு நீங்கள். கட்டுகளைப் பிரித்து வைப்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணினியில் பார்ப்பது இயலாது என்றால், மூன்று கணக்குகளின் முகப்புப் படங்களையாவது தூரத்திலிருந்தே வேறுபாடு தெரியும்படி மாற்றுங்கள். மூன்றிலும் அதே வீட்டுத் தூண்களின் படம் இருந்தால் அவசரத்தில் கண் ஏமாறத்தான் செய்யும்.

தவறு நடந்தபின் செய்ய வேண்டியது சிறிது. பதிவை நீக்குங்கள்; யாரும் பார்க்கவில்லை என்றால் அத்தோடு விடுங்கள். பார்த்திருந்தால் அதே கணக்கிலிருந்து ‘தனிப்பட்ட பதிவு ஒன்று தவறுதலாக இங்கே வெளியாகிவிட்டது, வருந்துகிறோம்’ என்று ஒரு வரி. ‘எங்கள் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நம்புகிறவர் உங்கள் விடுதியில் முன்பணம் கட்டத் தயங்குவார், நம்பாதவர் சிரிப்பார்.

கேள்வி: கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். மூன்று ஆண்டுகளாக ஓர் இளைஞர் எங்கள் கணக்குகளைப் பார்த்துவந்தார். இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். ஃபேஸ்புக் பக்கம் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து தொடங்கியது. யூடியூப் அவருடைய ஜிமெயிலில் இருக்கிறது. இன்ஸ்டாகிராமுக்கு அவருடைய எண். கேட்டால், ‘தந்துவிடுகிறேன் அண்ணே’ என்கிறார், மூன்று வாரமாக. — காரைக்குடி வாசகர்

பதில்: அவர் ஏமாற்றுகிறார் என்ற முடிவுக்கு உடனே வர வேண்டாம். அவர் சொந்தக் கடவுச்சொல்லும் கடையின் கடவுச்சொல்லும் ஒன்றாகக் கிடப்பதால் எதை, எப்படிப் பிரித்துத் தருவது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஃபேஸ்புக் பக்கத்துக்கென்று தனிக் கடவுச்சொல் கிடையாது. அதை நடத்துகிறவரின் சொந்தக் கணக்கு வழியாகத்தான் உள்ளே போக முடியும். ‘பக்கத்தின் கடவுச்சொல்லைக் கொடு’ என்று நீங்கள் கேட்பது, அறியாமலேயே அவருடைய வீட்டுச் சாவியைக் கேட்பதாக ஆகிவிடுகிறது.

ஆகவே ஒரு பிற்பகலில் அவரைக் கடைக்கு வரச் சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்து, அருகில் உட்கார்ந்து செய்துகொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் பக்கத்தின் அணுகல் அமைப்புக்குப் போய் உங்களை முழுக் கட்டுப்பாடு உள்ளவராக அவர் சேர்க்க வேண்டும். நீங்கள் உள்ளே போக முடிகிறது என்று உறுதியான பிறகு அவர் விலகலாம். இன்ஸ்டாகிராமில் கைப்பேசி எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றையும் அந்த இடத்திலேயே மாற்றி, மற்ற கருவிகள் அனைத்திலிருந்தும் வெளியேறச் செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பை உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். அப்போது அது தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். கைப்பேசித் திரையைப் படம் பிடித்து வைத்தால் கைப்பேசி போகும்போது அதுவும் சேர்ந்து போகும்.

யூடியூப் சற்றுப் பொறுமை கேட்கும். சேனல், பலர் சேர்ந்து நடத்தக்கூடிய பிராண்ட் கணக்காக இருந்தால் உங்களை உரிமையாளராகச் சேர்க்கலாம், ஆனால் சேர்த்து 7 நாட்கள் ஆன பிறகுதான் முதன்மை உரிமையாளராக மாற்ற முடியும். எனவே அடுத்த வாரமும் ஒரு தேநீர் செலவு உண்டு. வாட்ஸ்அப்பை மறந்துவிடாதீர்கள்: கைப்பேசியைத் தவிர இன்னும் நான்கு கருவிகள் வரை ஒரே கணக்கில் இணைந்திருக்கலாம். ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ பட்டியலைத் திறந்து, உங்களுக்கு அடையாளம் தெரியாத கணினி இருந்தால் துண்டியுங்கள். ஆறு இலக்க இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணையும் வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதா என்ன? பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நகரத்தார் கிட்டங்கிகளை (கொடுக்கல் வாங்கல் கூடங்களை) நடத்தியபோது, ஏஜெண்டுகள் மூன்று ஆண்டுத் தவணையில் போய் வந்தார்கள். தவணை முடிந்தவர் அடுத்து வந்தவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். கொடுக்கல் வாங்கல் முழுவதும் ஏஜெண்டின் கையில் இருந்தாலும் தொழிலின் பெயரான விலாசம் மட்டும் முதலாளியுடையதாகவே இருந்தது. உங்கள் இளைஞரும் மூன்று ஆண்டு இருந்திருக்கிறார். குறை என்னவென்றால் விலாசமே அவருடையதாக இருந்துவிட்டது.

அடுத்து வருகிறவருக்குக் கடவுச்சொல் எதையும் கொடுக்காதீர்கள்; வேலைக்கான அனுமதியை மட்டும் கொடுங்கள். ஃபேஸ்புக்கில் பதிவிடவும் பதில் எழுதவும் மட்டும் பகுதி அனுமதி தரலாம். யூடியூப் ஸ்டூடியோவில் மேலாளர், தொகுப்பாளர், பார்வையாளர் என்று நிலைகள் இருக்கின்றன. தொகுப்பாளர் நிலையே போதும், அவரால் சேனலை அழிக்க முடியாது. கணக்குகள் அனைத்தும் கடையின் பெயரில் தொடங்கிய ஒரே மின்னஞ்சலிலும், உங்கள் பெயரில் வாங்கிய ஒரே கைப்பேசி எண்ணிலும் நிற்கட்டும். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யத் தவறாதீர்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட நிறுவனங்களுக்கு வழி இருக்கிறது; அதன் பிறகு உங்கள் கணக்குக்கான ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசியில் ஒலிக்கும். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று முறை அழைத்தும் அவர் வரவில்லை என்றால், கேட்டதை எழுத்தில் அனுப்பிவிட்டு மாவட்ட சைபர் குற்றப் பிரிவையோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தையோ அணுகலாம். அந்தக் கணக்குகளைக் காட்டி யாராவது உங்கள் வாடிக்கையாளரிடம் பணம் பறித்துவிட்டால் மட்டும் பேச்சுவார்த்தைக்குக் காத்திராதீர்கள். பணத்தை இழந்தவர் அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை உங்களுடையது. அந்தப் பெயரை வைத்துப் போலிச் சரக்கை விற்க ஒரு பழைய கணக்கு கிடைத்தால் சும்மா விட மாட்டார்கள்.

கேள்வி: எனக்கு வயது 71. தொழில் எதுவும் இல்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் 19 குழுக்கள் இருக்கின்றன. பங்காளிகள் குழு, கோயில் குழு, மருமகள் வீட்டார் குழு, ஓய்வூதியர் குழு என்று எல்லாவற்றிலும் காலை வணக்கப் படங்கள். எந்தக் குழுவிலிருந்தும் வெளியேற முடியாது, காரணம் கேட்பார்கள். முக்கியமான துக்கச் செய்தி ஒன்று இந்தக் கூட்டத்தில் கண்ணில் படாமல் போய், காரியத்துக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. — தேவகோட்டை வாசகர்

பதில்: வெளியேறச் சொல்லும் துணிவு எனக்கும் இல்லை, ஐயா. பங்காளிகள் குழுவிலிருந்து போனவர் திரும்பி வந்து உட்கார வேண்டியதும் அதே பந்தியில்தானே.

வெளியேறாமலேயே அமைதி பெறலாம். பத்தொன்பதில் உங்களுக்கு உண்மையிலேயே தேவையான மூன்றைத் தேர்ந்தெடுத்து மேலே நிலைநிறுத்திவிடுங்கள். மற்ற பதினாறையும் ‘எப்போதும்’ என்று ஒலியடக்கி, காப்பகத்தில் (ஆர்க்கைவ்) தள்ளுங்கள். அமைப்பில் அதற்கான தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால், புதுச் செய்தி வந்தாலும் அவை காப்பகத்திலேயே கிடக்கும். யாருக்கும் தெரியாது, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். வாரம் ஒரு முறை திறந்து பார்த்தால் போதும். படங்கள் தாமாக இறங்குவதையும் நிறுத்திவிட்டால் கைப்பேசியின் இடமும் மிஞ்சும்.

துக்கச் செய்திக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பங்காளிகளில் பொறுப்பான இரண்டு மூன்று பேரை நிர்வாகிகளாகக் கொண்டு, நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடிய தனிக் குழு ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள். பிறப்பு, இறப்பு, திருமணம், கோயில் கூட்டம் இவை மட்டும் அதில் வரட்டும். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று நூறு பேர் அடுத்தடுத்து எழுதி அடக்க நேரத்தை மேலே தள்ளிவிடும் சங்கடமும் நின்றுவிடும். குழு இருபதாகிறதே என்று நினைக்க வேண்டாம், அந்த ஒன்றுக்கு மட்டும் ஒலி வையுங்கள்.

கேள்வி: திருமணப் படம் எடுக்கும் தொழிலைத் தொடங்கியிருக்கிறேன். எல்லாத் தளங்களிலும் இருந்தால்தான் வாடிக்கையாளர் கிடைப்பார்களா? — பள்ளத்தூர் வாசகர்

பதில்: இல்லை. ஒன்றில் நன்றாகவும் இன்னொன்றில் சுமாராகவும் இருந்தால் போதும். உங்கள் தொழிலுக்கு இன்ஸ்டாகிராமும் யூடியூபும். ஒன்று மட்டும் போதும் என்று சொல்லாததற்குக் காரணம் 2020 ஜூன் 29. அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தம்மைப் பின்தொடர்ந்தவர்கள் அனைவரையும் ஒரே இரவில் இழந்தார்கள். வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒரே தட்டில் பத்துக் கணக்குகளிலும் பதிவிட்டு, பின்தொடர்பவர்களையும் கூட்டித் தருவதாக ஒரு செயலி கடவுச்சொல்லைக் கேட்கிறது. கொடுக்கலாமா? — புதுவயல் வாசகி

பதில்: கூடாது. முறையான செயலிகள் உங்களை அந்தந்தத் தளத்தின் நுழைவுப் பக்கத்துக்கே அனுப்பி அனுமதி வாங்கும்; கடவுச்சொல்லைத் தாமே வாங்கி வைத்துக்கொள்ளா.

கேள்வி: தேன்குழல், ஊறுகாய் விற்பனைக்கு நான்கு தளங்களில் கணக்கு தொடங்கினேன். கேட்ட பெயர் ஒவ்வொன்றிலும் கிடைக்காததால் நான்கும் நான்கு பெயராகிவிட்டன. வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்கள். இப்போது மாற்றினால் இருப்பவர்களை இழப்பேனா? — கோட்டையூர் வாசகி

பதில்: இழக்க மாட்டீர்கள், பெயரை மாற்றினாலும் பின்தொடர்பவர்கள் அப்படியே இருப்பார்கள். பழைய பெயரைக் கொண்ட இணைப்புகளை எங்கெங்கே கொடுத்திருக்கிறீர்களோ அவற்றைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

நான்கிலும் செல்லக்கூடிய ஒரே பெயரைத் தேடும்போது மிகக் கண்டிப்பான தளத்தின் விதியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ் தளத்தில் பெயருக்கு 15 எழுத்துகள்தாம். இன்ஸ்டாகிராமும் யூடியூபும் 30 வரை விடும். எக்ஸ் புள்ளியை ஏற்காது, ஃபேஸ்புக் அடிக்கோட்டை ஏற்காது. ஆகவே புள்ளியும் கோடும் இல்லாமல் ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் மட்டும் அமைந்த, 15க்குள் அடங்கும் பெயராக இருக்கட்டும். ‘செட்டிநாடு’ என்பதை ஆங்கிலத்தில் எழுதவே ஒன்பது எழுத்துகள் போய்விடும், மிஞ்சுவது ஆறு. தவிரவும் அந்தச் சொல்லை வைத்து உலகம் முழுவதும் ஆயிரம் உணவகங்கள் இருக்கும்போது அது உங்களை அடையாளம் காட்டாது. முன்னோர் பெயர்களின் தலைப்பெழுத்துகளைக் கோத்து விலாசம் வைத்துத்தான் ரங்கூன் வரை நம்மவர்கள் கடிதப் போக்குவரத்து நடத்தினார்கள். அப்படி ஐந்தாறு எழுத்தில் ஒன்றை அமைத்துப் பாருங்கள். யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

பெயரை முடிவு செய்ததும் நான்கிலும் ஒரே நாளில் மாற்றுங்கள். யூடியூபில் 14 நாட்களுக்குள் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், எழுத்துப் பிழை இல்லாமல் முதலில் காகிதத்தில் எழுதி இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். தீபாவளிக்கான அட்டைப் பெட்டிகளை அச்சகத்தில் கொடுப்பதற்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும்.